குதிரை ஏறக் கூடாது என்ற பிறகு: தி ரைடர் (2017)

கௌபாய் படம் என்றதும் துப்பாக்கிச் சண்டையும் பழிவாங்கலும் எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்துபோவீர்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். க்ளோயி ஜாவோ எழுதி இயக்கிய ‘தி ரைடர்’ படத்தில் துப்பாக்கி முக்கியமாக வருகிற காட்சியில் அதைக் கையில் வைத்திருப்பவனால் சுட முடியவில்லை. படம் 2017இல் கான் திரைப்பட விழாவில் முதலில் காட்டப்பட்டது, அமெரிக்கத் தியேட்டர்களுக்கு 2018 ஏப்ரலில் வந்தது, ஓடும் நேரம் 104 நிமிடம். கதை என்று பார்த்தால் ரொம்பச் சின்னது. ரோடியோ என்ற முரட்டுக் குதிரை, காளைச் சவாரிப் போட்டியில் அடங்காத குதிரை மேல் சவாரி செய்கிற ஒரு இளைஞன் கீழே விழுகிறான், குதிரை அவன் தலையை மிதித்துவிடுகிறது, இனிமேல் சவாரி கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள், ஆனால் அவனுக்கோ வேறு எந்த வேலையும் தெரியாது. அவ்வளவுதான்.

இந்த அமைப்பில் எத்தனை விளையாட்டுப் படம் பார்த்திருக்கிறோம். அடிபடுவான், ஒதுங்குவான், குடிப்பான், யாராவது வந்து வசனம் பேசி எழுப்பிவிடுவார்கள், ஒரு பாட்டுக்குள் பயிற்சி முடிந்துவிடும், கடைசியில் கோப்பை. தி ரைடரிலும் அந்த வண்டி வந்து வாசலில் நிற்கிறது, ஏறு ஏறு என்று நண்பர்கள் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், படம் ஏறவே மாட்டேன் என்கிறது. அதுதான் எனக்குப் பிடித்தது.

படத்தில் பிரேடி பிளாக்பர்ன் ஆக வருபவர் பிரேடி ஜாண்ட்ரோ. நடிகர் இல்லை. தெற்கு டகோட்டாவின் பைன் ரிட்ஜ் பழங்குடிக் காப்பகப் பகுதியில் குதிரை பழக்குகிறவர், லகோட்டா இனத்தவர், ரோடியோ வீரர். 2016 ஏப்ரலில் வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ நகரில் நடந்த ஒரு ரோடியோவில் அவர் விழுந்ததும், குதிரை தலையை மிதித்ததும், மண்டையோட்டுக்குள் உலோகத் தகடு வைத்ததும் நிஜம். ஜாவோவுக்கு அவரை அதற்கு முந்தைய வருடமே தெரியும். ஜாவோவின் முதல் படமும் பைன் ரிட்ஜில் எடுத்ததுதான், அந்தப் பழக்கத்தில் அங்கே ஒரு பண்ணைக்குப் போனபோது அவருக்குக் குதிரை ஏறக் கற்றுக்கொடுத்தவரே பிரேடி. இவரை வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார், ஆனால் என்ன கதை என்று பிடிபடவில்லை, அப்புறம் இந்த விபத்து நடந்தது. அடிபட்ட அதே வருடத்திலேயே படப்பிடிப்பு. படத்தில் அப்பாவாக வருகிற டிம் ஜாண்ட்ரோ நிஜ அப்பா, தங்கையாக வருகிற லில்லி நிஜத் தங்கை, நண்பர்கள் நிஜ நண்பர்கள். மொத்தச் செலவு ஏறக்குறைய 80,000 டாலர் என்று சொல்லப்படுகிறது, அமெரிக்கக் கணக்குப்படி அது ஒரு பெரிய படத்தின் சாப்பாட்டுச் செலவுக்குக்கூடக் காணாது.

இந்தத் தகவலையெல்லாம் தெரிந்துகொண்டு பார்ப்பதா தெரியாமல் பார்ப்பதா என்று சிலர் கேட்பார்கள். தெரிந்துகொண்டே பாருங்கள். தொடக்கத்தில் பிரேடி கண்ணாடி முன்னால் நின்று தலைக் கட்டைப் பிரிக்கிறான், தையலுக்குப் பதிலாக அடித்திருக்கும் உலோக ஊசிகளைக் கத்தி முனையால் நெம்புகிறான், குளிக்கும்போது தண்ணீர் படாமலிருக்க பிளாஸ்டிக் தாளைத் தலையில் சுற்றிக்கொள்கிறான். அந்தத் தழும்பு ஒப்பனை என்று நினைத்துப் பார்ப்பதற்கும், அது எங்கே எப்போது வந்தது என்று தெரிந்து பார்ப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சரி, நடிப்புக்கு வருவோம். நடிகர் அல்லாதவர்களை வைத்து எடுத்த படங்களில் ஒரு சிக்கல் வரும். சும்மா இருக்கும்போது அருமையாக இருப்பார்கள், வசனம் பேச ஆரம்பித்தால் பள்ளி ஆண்டுவிழா ஆகிவிடும். இதிலும் சில இடங்களில் அது தட்டுப்படுகிறது, குறிப்பாக அப்பாவும் மகனும் சண்டை போடும் ஒன்றிரண்டு காட்சிகளில் வரிகளை மனப்பாடம் செய்து ஒப்பிப்பது மாதிரி ஒரு விறைப்பு இருக்கிறது. பிரேடியிடம் மட்டும் அது கிட்டத்தட்ட இல்லை. மனிதர் பேசுவதே குறைவு, முகத்தை மறைக்கும் தொப்பி, தாடையை இறுக்கிக்கொண்டு வேறு எங்கோ பார்ப்பார். அழுகை வரும் இடத்தில் அழாமல் இருக்கப் படும் பாடு அப்படியே தெரிகிறது.

படத்தின் மையம் என்று எதைச் சொல்வது என்று கேட்டால் நான் அவனுடைய வலது கையைச் சொல்வேன். தலைக் காயத்தின் பின்விளைவாக ஒரு வகை வலிப்பு அவனுக்கு வருகிறது. அது வரும்போது கை தானாக மூடிக்கொள்கிறது, திறக்க மறுக்கிறது, மறு கையால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இது ஏதோ ஒரு நோய்க்குறி. ரோடியோக்காரனுக்கு இது வேறு. சேணம் வைத்த முரட்டுக் குதிரைச் சவாரியின் விதிகள் எளியவை: நம் வாடிவாசல் போன்ற ஒரு குறுகலான அடைப்பிலிருந்து குதிரை துள்ளிக்கொண்டு வெளியே வரும், ஒரே கையால் தடித்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு 8 நொடி மேலே இருக்க வேண்டும், மறு கை குதிரை மீதோ தன் உடம்பு மீதோ பட்டால் ஆட்டம் காலி. மொத்தம் 100 மதிப்பெண், அதில் பாதி சவாரிக்காரனுக்கு, மீதிப் பாதி குதிரை எவ்வளவு கடுமையாகத் துள்ளியது என்பதற்கு. ஆக, எல்லாமே அந்த ஒற்றைக் கையில்தான் இருக்கிறது, பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, விட வேண்டிய கணத்தில் விடவும் தெரிய வேண்டும், விடாதவனைக் குதிரை தரதரவென்று இழுத்துக்கொண்டு போகும். காலோ இடுப்போ போயிருந்தால்கூட வேறு கதை. போயிருப்பது அந்தக் கையின் சொல்பேச்சு. இதை ஜாவோ ஒரு வசனத்திலும் விளக்கவில்லை, கேமரா அவ்வப்போது அந்தக் கையைப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறது, நாமும் அதன் மேல் ஒரு கண் வைத்தபடியே இருக்கிறோம், அவன் பல்பொருள் அங்காடியில் சாமான் அடுக்கும்போதும்கூட.

ஆனால் நான் சொல்ல வந்த விஷயம் ரோடியோ பற்றியது இல்லை. இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘ரோடியோவை இழந்த வீரன்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. ரோடியோ அவனுக்குப் பெயர், கைத்தட்டல், நண்பர் கூட்டம். குதிரை பழக்குவதுதான் அவன் வேலை, அவனுக்குள்ளே இருக்கிற அறிவு. இரண்டையும் பிரித்துக் காட்டுகிறது படம், இந்தப் பிரிவைக் கவனிக்காமல் பார்த்தால் பாதிப் படம் கையை விட்டுப் போய்விடும்.

குதிரை பழக்கும் காட்சிகளுக்காக மட்டுமே இதை இரண்டாம் முறை பார்க்கலாம். யாரும் ஏறியிராத ஒரு குதிரை, வட்டமான அடைப்பு, உள்ளே பிரேடி. முதலில் அது ஓடுகிறது, சுவரோரமாகவே சுற்றிச் சுற்றி ஓடுகிறது, அவன் நடுவில் நின்று அது போகும் திசைக்குத் தானும் திரும்பிக்கொண்டே இருக்கிறான். அதட்டுவதில்லை. குதிரை ஒரு அடி அவன் பக்கம் திரும்பினால் இவன் பின்வாங்குகிறான், அதாவது அதற்குக் கொடுக்கும் பரிசே இவன் விலகிப்போவதுதான். அப்புறம் கழுத்தில் ஒரு தடவல், முதுகில் கையை வைத்து அழுத்திப் பார்ப்பது, வயிற்றோடு அதன் மேல் சாய்ந்து எடையைப் பழக்குவது, முழுக்க முழுக்க ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறான், காதலியிடம் பேசுகிற குரலில். கடைசியில் ஏறி உட்கார்கிறான். இது நடிப்பே இல்லை, எழுதப்பட்ட காட்சியும் இல்லை, பிரேடி ஜாண்ட்ரோ தன் வேலையைச் செய்கிறார், கேமரா ஓரமாக நின்று எடுத்திருக்கிறது. குதிரைக்குக் கதை தெரியாது, இயக்குநர் சொல்வதும் புரியாது, அது நிஜமாகவே பயப்படுகிறது, நிஜமாகவே பயம் தெளிகிறது. சினிமாவில் ‘நம்பிக்கை’ என்று ஒன்று உருவாவதை இவ்வளவு அப்பட்டமாக நான் பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம் இதே காட்சி நம்மைச் சங்கடப்படுத்தவும் செய்கிறது. மருத்துவர்கள் ஏறாதே என்று சொன்னது கதையில் வரும் பிரேடியை மட்டும் இல்லை. மண்டையில் தகடு இருக்கும் ஒரு மனிதர் அடங்காத குதிரை மேல் ஏறுவதை நாம் ரசித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஏறினால் என்ன ஆகும் என்று எச்சரிக்கிற ஒரு படத்தில். படம் எடுக்காவிட்டாலும் அவர் ஏறியிருப்பார், படப்பிடிப்புக்கு முன்பே வேலைக்குத் திரும்பிவிட்டார் என்பது உண்மைதான். இருந்தாலும் கேள்வி கேள்விதான்.

கௌபாய் என்றால் நமக்கு யார் நினைவுக்கு வருகிறார்கள்? என் வயதுக்காரர்களுக்கு சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸ், டெக்ஸ் வில்லர், செவ்விந்தியர் அவரைக் கூப்பிடும் இரவுக் கழுகார் என்ற பட்டம். அந்தப் பக்கங்களில் கௌபாய் ஒரு பக்கம், செவ்விந்தியர் மறுபக்கம், நல்லவர் இரண்டு பக்கமும் இருந்தாலும் கோடு கோடுதான். தி ரைடரில் அந்தக் கோடே இல்லை. இவர்கள் லகோட்டா மக்கள், அதே சமயம் தொப்பி, பூட்ஸ், பெரிய பெல்ட் பக்கிள் சகிதம் அசல் கௌபாய்கள், இரண்டும் ஒரே உடம்பில் சண்டையில்லாமல் இருக்கிறது. குதிரைகளோடு லகோட்டாக்களின் உறவு நூற்றாண்டுகள் பழையது, பண்ணை வேலை காப்பகத்துக்குள் வந்த பிறகு மாடு மேய்ப்பதும் ரோடியோவும் அதோடு இயல்பாக ஒட்டிக்கொண்டன, எனவே அவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் இல்லை. படமும் இதைப் பெரிய கண்டுபிடிப்பு மாதிரி நம் முன் நீட்டுவதில்லை.

நீட்டாததில் ஒரு நஷ்டமும் உண்டு. பைன் ரிட்ஜ் அமெரிக்காவின் மிக ஏழ்மையான பகுதிகளில் ஒன்று. 1890இல் லகோட்டா மக்களை அமெரிக்கப் படை சுட்டுக் குவித்த வூண்டட் நீ இந்தக் காப்பகத்துக்குள்தான் இருக்கிறது. வரலாறு பற்றிப் படத்தில் ஒரு சொல்லும் கிடையாது. அவர்கள் ஏன் டிரெய்லர் என்ற சக்கர வண்டி வீட்டில் இருக்கிறார்கள், படித்து முடிக்காத ஒரு பையனுக்கு அங்கே ஏன் வேறு வேலையே இல்லை என்பதெல்லாம் நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியது. ஒரு ஆளின் கதையைச் சொல்லும்போது பாடம் நடத்தக் கூடாது என்ற இயக்குநரின் முடிவு எனக்குப் புரிகிறது, ஆனால் வெளியூர்ப் பார்வையாளருக்கு இன்னும் ஒரு பிடி கொடுத்திருக்கலாம்.

காசு விஷயத்தைப் படம் தொட்டுப் போகிற விதம் நன்றாக இருக்கிறது. ரோடியோவில் சம்பளம் என்று ஒன்று இல்லை, கலந்துகொள்ளவே நுழைவுக் கட்டணம் கட்ட வேண்டும், ஜெயித்தால் பரிசு, தோற்றால் பெட்ரோல் காசும் நஷ்டம். அடிபட்டுக் கிடக்கிறவனுக்கு மாதச் சம்பளம் போடுகிற முதலாளி யாரும் இல்லை. டிரெய்லருக்கு வாடகை பாக்கி, அப்பா சூதாட்ட இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார், பிரேடியின் சொந்தக் குதிரையான கஸ்ஸை விற்க வேண்டி வருகிறது. வேலை கேட்டுப் போன இடத்தில் அங்கே இருக்கும் பெண்மணி கேட்கும் கேள்விகளுக்கு அவனிடம் பதிலே இல்லை, அவனுக்குத் தெரிந்த எதுவும் அந்தப் படிவத்தில் எழுதத் தக்கது இல்லை. கடைசியில் டகோட்டாமார்ட் என்ற அங்காடியில் சேர்கிறான். ஒரு நாள் இரண்டு பையன்கள் அவனை அடையாளம் கண்டு, அண்ணா ஒரு போட்டோ என்கிற பாவனையில் வந்து நிற்கிறார்கள். கடைச் சீருடையோடு அவன் நிற்கிறான், சிரிக்கிறான். இந்த இடத்தில் பின்னணி இசை வேறு கொஞ்சம் சேர்த்து அழ வைத்திருக்கலாம், வைக்கவில்லை, நல்லவேளை.

சேணத்தை அடகுக் கடைக்கு எடுத்துப் போகும் காட்சியும் அதே ரகம். வாய்விட்டு யாரும் எதுவும் சொல்வதில்லை.

அப்பா வேய்ன். இவரைப் பற்றி எனக்கு இரண்டு மனம். படத்தின் முதல் பாதியில் இவர் குடிகார, சூதாட்டக்கார, பொறுப்பில்லாத அப்பா, பார்த்துப் பார்த்துச் சலித்த வார்ப்பு. ‘ஆம்பிளையா எழுந்து நில்’ என்று மகனை ஊக்கிவிட்டவர் இவர்தான், இப்போது ‘ஏறாதே’ என்று தடுப்பவரும் இவர்தான், நீ சொல்லிக் கொடுத்ததைத்தானே செய்கிறேன் என்று மகன் நினைத்தால் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அப்பாவின் கை நல்லது செய்யத் தெரியாமலேயே நல்லதும் செய்கிறது. கஸ்ஸை விற்றவரே மகன் ஆசைப்பட்ட அப்போலோ என்ற முரட்டுக் குதிரையை வாங்கியும் கொடுக்கிறார், ஏறக் கூடாது என்கிறவர் குதிரையை வாங்கிக் கொடுக்கிறார், இதில் எந்த நியாயமும் இல்லை, அதனால்தான் நம்ப முடிகிறது. நம் வீட்டு அப்பாக்களும் இப்படித்தான், மன்னிப்பு என்று வாயில் வராது, ஏதாவது வாங்கிக்கொண்டு வந்து திண்ணையில் வைப்பார்கள்.

தங்கை லில்லிக்கு ஆட்டிசம். அவள் பாட்டுக்குப் பாடுவாள், தனக்குத் தோன்றியதை யார் இருந்தாலும் சொல்லுவாள், அண்ணன் தூங்கும்போது நட்சத்திர ஸ்டிக்கரை ஒட்டிவிடுவாள். சாதாரணமாக இப்படிப்பட்ட பாத்திரங்களைச் சினிமா தேவதையாக்கிவிடும். இங்கே அந்தப் பொண்ணு தானாகவே இருக்கிறாள், எழுதப்பட்ட வசனம் எது, அவளாகப் பேசியது எது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் படத்தில் பெண்கள் என்று பார்த்தால் செத்துப்போன அம்மா, இந்தத் தங்கை, அங்கங்கே வந்துபோகிற ஒன்றிரண்டு பேர், அவ்வளவுதான். ஆண்கள் தங்களுக்குள்ளேயே கட்டிக்கொண்ட ஒரு உலகத்தைப் பற்றிய படம் என்பதால் விட்டுவிடலாம் என்றாலும், ஒரு பெண் இயக்குநரிடமிருந்து இன்னும் கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

நண்பர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து பேசும் காட்சி ஒன்று. எத்தனை முறை தலையில் அடிபட்டது, எந்த எலும்பு எப்போது உடைந்தது என்று பெருமையாகக் கணக்குச் சொல்லிக்கொள்கிறார்கள், சிரிக்கிறார்கள், வலியைத் தாண்டிச் சவாரி செய் என்கிறார்கள், அப்புறம் அடிபட்ட இன்னொரு நண்பனுக்காகச் சேர்ந்து ஜெபம் செய்கிறார்கள். கேட் கிளிஃபோர்ட் கிடார் எடுத்துக்கொண்டு பாடுகிறார். அவர்களில் ஒருத்தனும் கெட்டவன் இல்லை, எல்லாரும் பிரேடி மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், அவனைச் சாவுக்கு அனுப்பக்கூடிய வார்த்தைகளையும் அதே பாசத்தோடுதான் சொல்கிறார்கள். வில்லன் வேண்டும் என்றால் இந்தக் காட்சியில் தேடிக்கொள்ளலாம், கிடைக்க மாட்டான்.

அந்த இன்னொரு நண்பன் லேன் ஸ்காட். தன் பெயரிலேயே வருகிறார். காளைச் சவாரியில் பெயர் எடுத்தவர், இப்போது சக்கர நாற்காலியில், பேச முடியாது, விரல்களால் எழுத்து எழுத்தாகக் காட்டிப் பேசுகிறார். பிரேடி மறுவாழ்வு மையத்துக்குப் போய் அவரோடு உட்கார்ந்து பழைய சவாரி வீடியோக்களைப் பார்ப்பான், விரல் காட்டும் எழுத்துகளைச் சேர்த்துப் படிப்பான், கேலி பேசுவான். ஒரு காட்சியில் லேன் கையில் கடிவாளத்தைக் கொடுத்து, குதிரை மேல் இருப்பது மாதிரி இடம் வலம் திருப்பச் சொல்கிறான். உடம்பு முழுக்க முயற்சி. லேன் முகத்தில் வரும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் தொண்டை அடைக்காதவர்கள் குறைவு.

இங்கேதான் எனக்கு ஒரு நெருடல். நிஜத்தில் லேனுக்கு அடிபட்டது கார் விபத்தில். படமோ அவர் காளை மேல் பறக்கும் வீடியோக்களைக் காட்டிவிட்டு, காரணம் சொல்லாமல் விட்டுவிடுகிறது, பார்ப்பவர் எல்லாரும் காளைதான் இவரை இப்படி ஆக்கியது என்று எடுத்துக்கொள்வார்கள், பிரேடிக்கு வரப்போகும் ஆபத்தின் மாதிரியாக லேன் நிற்கிறார். கதைக்கு அது உதவுகிறது. இத்தனை நிஜத்தை முதலாக வைத்து எடுத்த படம் இந்த ஓரிடத்தில் மட்டும் நிஜத்தை நைசாக வளைத்தது கொஞ்சம் கசக்கிறது. லேனும் குடும்பமும் சம்மதித்துத்தான் நடந்திருக்கும், அதில் சந்தேகம் இல்லை, என் குறை அது இல்லை.

ஒளிப்பதிவு ஜோஷுவா ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். பேட்லேண்ட்ஸ் என்ற அந்த மண்மேட்டு நிலமும் புல்வெளியும் அந்தி வெயிலில் படம் முழுக்க வருகின்றன. காரணம் கலை மட்டும் இல்லை, பிரேடி காலையில் குதிரை பழக்கும் வேலைக்குப் போய்விடுவாராம், அதனால் படப்பிடிப்பு பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான், விளக்கு வைக்கவும் காசு இல்லை, சூரியன்தான் விளக்கு. வீட்டுக்குள் எடுத்த காட்சிகள் இருட்டும் நெருக்கமுமாக மூச்சு முட்டும், கதவைத் திறந்து அவன் வெளியே வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வானம், இந்த வித்தியாசம் அவன் நிலைமையை வசனமில்லாமல் சொல்லிவிடுகிறது. ஆனாலும் சொல்கிறேன், சூரியாஸ்தமனம் கொஞ்சம் அதிகம். மூன்றாவது நான்காவது தடவை தொப்பியோடு ஒரு உருவம் சிவந்த வானத்துக்கு முன்னால் நிற்கும்போது நாள்காட்டிப் படம் ஞாபகம் வந்துவிடுகிறது. நேதன் ஹால்பர்னின் இசை பெரும்பாலும் ஒதுங்கியே இருக்கிறது, சில இடங்களில் மட்டும் இப்போது நீங்கள் உருக வேண்டும் என்று தோளைத் தட்டுகிறது.

இனி வருவது முடிவைப் பற்றியது. படம் பார்க்காதவர்கள் கடைசி இரண்டு பத்திக்குப் போய்விடுங்கள்.

அப்போலோ முள்கம்பியில் சிக்கிக் காலைக் கிழித்துக்கொள்கிறது. கால் போன குதிரையைச் சுட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம், அது கொடுமை என்று யாரும் நினைப்பதில்லை, வலியோடு விட்டு வைப்பதுதான் கொடுமை. பிரேடியால் சுட முடியவில்லை. அப்பா துப்பாக்கியை வாங்கிக்கொள்கிறார். பிற்பாடு அவன் தங்கையிடம் சொல்கிறான், என்னை மாதிரி அடிபட்டது ஒரு மிருகம் என்றால் இந்நேரம் சுட்டிருப்பார்கள், நான் மனுஷன் என்பதால் உயிரோடு இருந்தாக வேண்டியிருக்கிறது என்று. அதைச் சொல்லும் தொனியில் தத்துவமோ தன்னிரக்கமோ கிடையாது, ஒரு குதிரைக்காரன் குதிரைக்காரக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறான், விடை அவனுக்கே பிடிக்கவில்லை. எழுத்தில் இதைவிட நல்ல வரி படத்தில் இல்லை.

அதன் பிறகு அவன் எல்லார் பேச்சையும் மீறி ரோடியோவுக்குக் கிளம்புகிறான். உடை மாற்றிக்கொண்டு, உடம்பை வளைத்துத் தயாராகி, அடைப்புக்குப் பக்கத்தில் நிற்கிறான். நாம் நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறோம். இத்தனை நேரமும் இது வழக்கமான படம் இல்லை என்று நம்மை நம்ப வைத்த இயக்குநர் இப்போது அந்த 8 நொடியைக் காட்டிவிடுவாரோ என்ற பயம், காட்டினால் பார்க்க வேண்டும் என்ற ஆசையும்கூட, பொய் சொல்வானேன். அப்பா தங்கையை அழைத்துக்கொண்டு வந்து தூரத்தில் நிற்கிறார். தடுக்க வரவில்லை, கத்தவில்லை. பிரேடி பார்க்கிறான். நடந்து வந்துவிடுகிறான். இதை ‘குடும்பம் ஜெயித்தது’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அது அவ்வளவு இனிப்பாகத் தெரியவில்லை. அவன் பிழைத்துக்கொண்டான், அவ்வளவுதான், நாளைக் காலையில் அங்காடியில் சாமான் அடுக்கப் போக வேண்டும், கை எப்போது மூடிக்கொள்ளும் என்று தெரியாது, குதிரை பழக்கும் வேலையும் அவனிடம் மிச்சம் இருக்குமா என்பதற்குப் படத்தில் பதில் இல்லை. ரோடியோவை விடுவது அவன் எடுத்த முடிவு. மற்றது அவன் கையில் இல்லை, அந்தக் கையில் இருக்கிறது. இந்த இரண்டையும் குழப்பாமல் விட்டதற்காகவே ஜாவோவுக்கு ஒரு கும்பிடு.

விருது விவரம் வேண்டும் என்றால்: அமெரிக்காவின் தேசிய விமர்சகர் கழகம் 2018இன் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தது, சுயாதீனப் படங்களுக்கான காத்தம் விருதும் கிடைத்தது. இதைப் பார்த்துவிட்டுத்தான் நடிகை ஃபிரான்செஸ் மெக்டார்மண்ட் ஜாவோவைத் தேடிப் போய் ‘நோமட்லேண்ட்’ படத்தை ஒப்படைத்தார், அதற்கு 2021இல் ஆஸ்கர் வந்தது. அந்தப் படம் பிடித்தவர்கள் இதைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும், ஒரு படி மேலே என்பது என் கட்சி, அங்கே ஒரு பெரிய நடிகை நிஜ மனிதர்களுக்கு நடுவில் நடிக்கிறார், இங்கே நடுவில் இருப்பவரே நிஜ மனிதர்.

பார்ப்பவர்களுக்குச் சில விஷயங்கள். சப்டைட்டில் போட்டுக்கொள்ளுங்கள், அந்த ஊர் உச்சரிப்பும் தொப்பிக்குள் முணுமுணுக்கும் பேச்சும் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களுக்கே கஷ்டம். போனில் பார்க்காதீர்கள், முடிந்த அளவு பெரிய திரை, இருட்டான அறை, குதிரை மூச்சு விடுகிற சத்தம் கேட்கிற மாதிரி ஹெட்போனோ ஸ்பீக்கரோ. முதல் அரை மணி நேரம் மெதுவாகத்தான் போகும், 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டுகிற பழக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம். அமெரிக்காவில் இதற்கு ஆர் சான்றிதழ் (17 வயதுக்குக் கீழே என்றால் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம்), கெட்ட வார்த்தையும் போதைப் பொருளும் உண்டு, குதிரை சாகிற பகுதி வேறு இருக்கிறது, குதிரைப் படமாயிற்றே என்று சின்னப் பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துவிடாதீர்கள். பத்துக்கு எட்டரை கொடுப்பேன், லேன் விஷயமும் அந்த அதிகப்படி சூரியாஸ்தமனங்களும் இல்லையென்றால் ஒன்பதுக்கு மேலே போயிருக்கும்.